ஏழாவது படத்தின் மங்கல்

2003, ஆடி மாதம். நெருப்பெரிச்சல் ஊர்ப் பனியன் கம்பெனியின் சாம்பிள் அறையில் காலையில் பிணமாகக் கிடந்தார் மேனேஜர் சென்னியப்பன். பின்மண்டையில் இரும்புக் குழாயின் அடி. முந்தின மாலை ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் உயிர் போயிருக்கிறது என்றார் டாக்டர்.

அன்று மாலை அவரோடு சண்டை பிடித்தவன் தையல்காரன் சகாயராஜ். மதியத்துக்குள் அவனை லாக்கப்பில் அடைத்துவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் கலைமகளுக்கு மனம் ஒப்பவில்லை. புது டிசைன்களைப் படமெடுக்கும் அருள்செல்வன் அவற்றைப் போட்டிக் கம்பெனிக்கு விற்கிறான் என்று சென்னியப்பன் முதலாளியிடம் சொல்லியிருந்தார். ஆதாரத்தோடு வருகிறேன் என்றவர் வரவில்லை.

மறுநாள் காதர்பேட்டையில் அருள்செல்வனின் ஸ்டூடியோ. மாடி அறை, ஜன்னல் கிடையாது. கொலை நடந்த மாலை எங்கே இருந்தாய் என்று கேட்டதும், இங்கேதான் படமெடுத்தேன் என்று தயங்காமல் அன்றைய நெகட்டிவை எடுத்துக் கொடுத்தான்.

"ஒரே சுருள்ங்க மேடம், பன்னண்டு படம். வெட்டவே இல்லீங்க. செவுத்துக் கடியாரத்தைப் பாருங்க."

இரவு உடைகளுக்காகப் போட்ட படுக்கையறை செட். ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு உடை மாட்டிய பொம்மைக்குப் பின்னால் கடிகாரம் தெரிந்தது. கால் மணிக்கு ஒரு படம். ஆறாவதில் ஆறே முக்கால், ஏழாவதில் ஏழு, கடைசியில் எட்டே கால்.

"ஆறு படம் வரைக்கும் கம்பெனிப் பொண்ணு நதியா கூடவே இருந்தாங்க. கேட்டுப் பாருங்க."

நதியா வாசலில்தான் நின்றாள். சகாயராஜின் மனைவி அவள்.

"ஆமா மேடம். ஆறு எடுத்தத என் கண்ணால பாத்தேன். அந்த ஆறு துணியையும் நான் வாங்கிட்டுப் போனேன், அப்பவே லாரி ஏறிருச்சு. மிச்சம் ஆறு துணியும் நேத்து மத்தியானம்தான் கம்பெனிக்கு வந்துச்சு." முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "எம் புருசனுக்கு இது பாதகம்னு தெரியும். அதுக்காக மாத்திச் சொல்ல முடியுமா?"

கலைமகள் முன்பு போலீஸ் புகைப்படப் பிரிவில் வேலை பார்த்தவள். நெகட்டிவை விளக்குப் பலகையில் விரித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தினாள். பின்னலின் கண்ணிகளை எண்ணிவிடலாம், அத்தனை துல்லியம். ஏழாவதில் கை நின்றது. கழுத்துப் பட்டி தெளிவு, கீழ் விளிம்பும் தெளிவு. நடுவில் குறுக்காக ஒரு பட்டை மட்டும் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் கரைந்திருந்தது.

"இதென்னங்க?"

"கை அசைஞ்சிருக்குங்க."

"கேமரா ஸ்டாண்டுல இருக்குதே."

"அப்ப ஃபோகஸ் தப்பியிருக்கும்."

"ஒரே துணி, ஒரே தூரம். மேலயும் கீழயும் சரியா இருக்குது. நடுவுல மட்டும் எப்படித் தப்பும்?"

அருள்செல்வன் குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தான்.

"தப்பு லென்ஸ்ல இல்லீங்க, ஃபிலிம்ல. ஃபிலிம் தட்டையா நிக்கணும். மயிரிழை புடைச்சாலும் அந்த எடம் மங்கிப்போகும். இந்தக் கேமராவுல அடுத்த படத்துக்கான ஃபிலிம் உருளையில மடங்கிக் காத்திருக்கும். கால் மணி நேரம்னா ஒண்ணும் ஆகாது. ராத்திரி முழுக்கக் கெடந்தா வளைவு படிஞ்சிரும். அப்புறம் சுத்தினா வளைவோடயே படத்துக்குள்ள வந்து நிக்கும்."

அவன் பார்வை சுவர்க் கடிகாரத்துக்குப் போனது.

"ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல கால் மணிங்குது கடியாரம். ஒரு ராத்திரிங்குது ஃபிலிம். கடியார முள்ளைத் திருப்பலாம், வளைவை நிமித்த முடியாது. நதியா போனதும் நெருப்பெரிச்சலுக்குப் போனீங்க. நேத்துக் காலையில முள்ளைத் திருப்பி வெச்சு மிச்சம் ஆறையும் எடுத்தீங்க. புதுச் சுருள் போட்டு மொத ஆறையும் திரும்ப எடுக்க முடியல, நதியா பாத்த துணி லாரியில போயிருச்சு. சென்னியப்பனைக் கொன்னது நீங்கதான்."

அருள்செல்வன் பொம்மையைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தான்.

"கெஞ்சத்தானுங்க போனேன். மொதலாளிக்குப் போன் பண்ணப் போனாரு. கையில குழாய் தட்டுப்பட்டுச்சு."

கான்ஸ்டபிள் அவனைக் கீழே அழைத்துப் போனார். நதியா சுவரோடு ஒட்டி வழிவிட்டாள்.

"எங்க வீட்டு ஆள விட்டுருவீங்களா மேடம்?"

"இன்னைக்கே ஊடு வந்துருவாருங்க. நீங்க கோர்ட்டுக்கு வரணும். ஆறுதான் பாத்தேன்னு இங்க சொன்னதை அங்கயும் சொல்லணும். வேற மாதிரி சொல்லியிருந்தீங்கன்னா ஏழாவது படத்துல நான் சந்தேகப்பட்டு நின்னிருக்க மாட்டேன்."

நதியா தலையை ஆட்டினாள். இரண்டு நாளாக அழாதவள், படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.