சம்பாகட் மஹாராஜாவின் இடது செருப்பு

சேஷன் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தார்.

தலையில் கிரீடம். மடியில் செங்கோல்.

கழுத்தில்... திரைச்சீலையின் ஜரிகைக் கயிறு!

வசனக் காகிதங்களோடு காலையில் செட்டுக்குள் நுழைந்த அம்சவேணி முதலில் கயிற்றைக் கவனிக்கவில்லை.

"சார்... இறங்குங்க சார். சிம்மாசனத்துல பெயின்ட் காயலை."

சேஷன் இறங்கவில்லை.

தோளைத் தொட்டாள். கிரீடம் உருண்டு விழுந்தது. அட்டைக் கிரீடம். சத்தமே வரவில்லை.

சத்தம் அம்சவேணியிடமிருந்து வந்தது!

"ஆ...ஆ...ஆ!"

டெல்லி, சிவில் லைன்ஸ். 1986. வெள்ளைக்காரன் விட்டுப்போன பங்களா ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதற்குள் ஒட்டுப்பலகையில் ஒரு ராஜ்யத்தையே கட்டியிருந்தார் தயாரிப்பாளர் நல்லசிவம். சம்பாகட் சமஸ்தானத்தின் கடைசி மன்னரைப் பற்றிய டி.வி. படம். கதை, வசனம் சேஷன். உதவி அம்சவேணி.

இப்போது வசனகர்த்தா, அவர் எழுதிய அரியணையிலேயே பிணம்!

சட்டையில் ஒரு காகிதம் குத்தியிருந்தது. இந்தி எழுத்து. க்ரைம் பிராஞ்ச் இன்ஸ்பெக்டர் பெரியண்ணன் உரக்கப் படித்தார்.

"'எங்கள் மஹாராஜாவை வெறும் ராஜா என்று எழுதியவனுக்கு இதுதான் தண்டனை.'"

பெரியண்ணன் திருநெல்வேலிக்காரர். டெல்லி போலீசில் தலை நரைத்தவர். யூனிபாரம் போடுவது அவருக்குப் பிடிக்காத வேலை.

"ஏங்க... ராஜாவுக்கும் மஹாராஜாவுக்கும் அப்படி என்ன வித்தியாசம்?"

"பீரங்கி சார்!" நல்லசிவம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "வெள்ளைக்காரன் காலத்துல ஒவ்வொருத்தருக்கும் இத்தனை குண்டு மரியாதைன்னு உண்டு. குண்டு ஏற ஏற பட்டம் ஏறும்."

"இப்ப எத்தனை குண்டு?"

"இப்ப ஏது சார்? எழுபத்தொண்ணுலயே சர்க்கார் பட்டத்தை எல்லாம் ஒழிச்சிட்டாங்களே."

"சரியாப் போச்சு. இல்லாத பட்டத்துக்கு, இருந்த மனுசனைக் கொன்னிருக்கான்!"

அம்சவேணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மே மாதம். வெளியே அனல் காற்று. இருந்தும் குளிர்ந்தது.

"சார்... நேத்து சாயங்காலம் சேஷன் சார் ஒண்ணு சொன்னார். 'நம்ம படத்துல ஒரு பட்டம் சுத்தப் பொய், அம்சவேணி. நாளைக்கு வா, தமாஷைச் சொல்றேன்'னு."

"எந்தப் பட்டம்?"

"சொல்லலையே சார்..."

"சொல்லியிருந்தா நீங்களும் ஒரு நாற்காலியில உக்காந்திருப்பீங்க."

நல்ல ஆறுதல்!

பெரியண்ணன் கிளம்பும்போது மட்டும் குரலைத் தணித்தார். "பயப்படாதீங்க தாயி. மத்தியானம் சாணக்யபுரி தமிழ்நாடு கெஸ்ட் ஹவுஸ் கேன்டீன்ல இருப்பேன். சாம்பார் உள்ள போகாம என் மூளை வேலை செய்யாது. எதுன்னாலும் அங்க வாங்க."

அவர் ஜீப் போனதும்...

ட்ரிங்... ட்ரிங்!

அம்சவேணிதான் எடுத்தாள்.

"ஹலோ?"

மூச்சு. பிறகு இந்தியில் ஒரு கரகரப்பு.

"சேஷன் எழுதினான். நீ உதவி செய்தாய். சிம்மாசனம் இப்போது காலிதானே?"

டொக்!

அம்சவேணி ரிசீவரை வைக்க மறந்தாள்.

"யாரும்மா?" என்றார் நல்லசிவம்.

"அடுத்தது... நான்தானாம் சார்."

"அய்யய்யோ! ஷூட்டிங் என்ன ஆறது?"

பத்து நிமிஷத்தில் வாசலில் ஒரு பழைய வெளிநாட்டுக் கார் வந்து நின்றது. காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் தன்னையறியாமல் சல்யூட் அடித்தான்.

ஹிஸ் ஹைனஸ் மஹாராஜ்குமார் தேஜ்பால் சிங் பகதூர்!

சம்பாகட் கடைசி மன்னரின் பேரன். படத்தில் பட்டம், வழக்கம், தலைப்பாகை மடிப்பு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நல்லசிவம் அமர்த்திய ஆலோசகர். காதுவரை மீசை. ஜரிகைச் செருப்பு. கையில் வெள்ளை க்ளவுஸ். (அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் பேசியதும் அவரிடம் பேசியதும் இந்தி. உங்கள் சௌகரியத்துக்காகத் தமிழில்.)

"கேள்விப்பட்டேன். எங்கள் ஊர்க்காரர்கள் ரோஷக்காரர்கள். ஒரு 'மஹா' குறைந்தாலும் கத்தி எடுப்பார்கள்."

"ஹைனஸ், இந்தப் பொண்ணுக்கும் போன் வந்திருக்கு!" நல்லசிவம் முதுகை வளைத்தார்.

"அப்படியா? நானே வீட்டில் கொண்டு விடுகிறேன். எங்கே?"

"மோதி பாக்..." என்றாள் அம்சவேணி.

நல்லசிவம் காதில் கிசுகிசுத்தார். "ஜல்தி போம்மா! ராஜ வம்சம் கார் ஓட்டிக் கொண்டு விடுது. உங்க வம்சத்துல யாருக்குக் கிடைச்சிருக்கு?"

ஹைனஸே காரின் கதவைத் திறந்தார். ஒரு கை கதவில், ஒரு கை நெஞ்சில், லேசான தலை வணக்கம். நல்லசிவத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாருங்கய்யா... இதெல்லாம் ரத்தத்துல வரணும்!"

கார் கிளம்பியது.

"சேஷன் கடைசியாக உன்னிடம் ஏதாவது சொன்னாரா?"

"இல்ல... ஹைனஸ்."

"ஒன்றுமே இல்லையா? யோசித்துப் பார்."

கேட்ட குரல் பட்டாய் இருந்தது. அம்சவேணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எதிரே ஒரு சவ ஊர்வலம். "ராம் நாம் சத்ய ஹை..."

ஹைனஸ் காரை ஓரங்கட்டினார். குனிந்தார். இடது செருப்பைக் கழற்றினார். அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"எங்கள் வம்ச வழக்கம். சவம் எதிரே வந்தால் இடது செருப்பு மடிக்கு வர வேண்டும். நானூறு வருஷமாக."

அம்சவேணி சட்டென்று திரும்பினாள்!

நானூறு வருஷமா?

போன செவ்வாய்க்கிழமையிலிருந்துதானே!

அன்றைக்கு ஒரு காட்சி ரொம்பச் சின்னதாகப் போய்விட்டது. 'ராஜ களையா எதையாவது சேரு' என்றார் சேஷன். தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டே அம்சவேணி கற்பனை செய்த வழக்கம் அது. இடது செருப்பு... மடி... எல்லாம் அவள் சரக்கு! சேஷன் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்தபடியே ஒப்புதல் வாங்க நேற்று இந்த ஹைனஸிடம் எடுத்துக்கொண்டு போனார். இவரும் 'ஆமாம், தாத்தா அப்படித்தான் செய்வார்' என்றிருப்பார்...

அந்த நொடியே சேஷனுக்குப் புரிந்திருக்கும். எதில் மாட்டினோம் என்று தெரியாவிட்டாலும், அவர் சிரிப்பைப் பார்த்து இவரும் உஷாராகியிருப்பார்.

ஒரு பட்டம் சுத்தப் பொய்!

அது படத்தில் வரும் ராஜாவுடையது இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கார் ஓட்டுகிறதே... இதனுடையது!

அம்சவேணியின் பார்வை ஸ்டியரிங்குக்குப் போனது. வெள்ளை க்ளவுஸ். இந்த வெயிலில்! நேற்றுவரை இல்லாத க்ளவுஸ்... கயிற்றை இழுத்த கை எப்படி இருக்கும்?

"ஏன் வேர்க்கிறது உனக்கு?"

"வெ... வெயில் ஹைனஸ்."

"மெஹ்ரௌலியில் என் பண்ணை வீடு இருக்கிறது. குளிர்ச்சியாக இருக்கும். ஒரு ஈ, காக்காய் கிடையாது. அங்கேயே போய்விடலாம்."

"வீ... வீட்ல தேடுவாங்க..."

"தேடட்டும்."

கார் வேகமெடுத்தது. சாணக்யபுரியின் அகலமான சாலை. இருபுறமும் தூதரகக் கொடிகள். கத்தினால் எந்த நாட்டுக்காரனுக்குப் புரியும்?

யோசி, அம்சவேணி! செருப்பை மடியில் வைக்கவைத்தவள் நீ. இன்னொன்றைக் கற்பனை செய்ய முடியாதா?

"ஹைனஸ்! அடடா, மறந்தே போச்சு! டி.வி. அதிகாரி இந்தப் பக்கத்து கெஸ்ட் ஹவுஸ்லதான் இருக்கார். படத்தோட ஆரம்பத்துல 'ஹிஸ் ஹைனஸுக்கு நன்றி'ன்னு பெரிய எழுத்துல போடணும்னா, உங்களை நேர்ல பார்க்கணும்னார்..."

காரின் வேகம் குறைந்தது.

"எவ்வளவு பெரிய எழுத்து?"

"திரை முழுக்க!"

கார் நின்றே விட்டது!

தேஜ்பால் சிங்குக்கு அந்த எழுத்துதான் உயிர். டி.வி.யில் ஒருமுறை 'ஹைனஸ்' என்று வந்துவிட்டால் போதும். இந்தியா முழுக்க நம்பும். அதற்கப்புறம் சம்பாகட் அரண்மனையை ஏதாவது ஹோட்டல்காரனுக்கு விற்கலாம். இந்தப் பெண்ணை அரை மணி கழித்துக் கொன்றால் என்ன கெட்டுவிடும்?

"ஆனா ஒண்ணு ஹைனஸ். அதிகாரிக்குக் கொஞ்சம் சந்தேகம். நிஜ ராஜ வம்சம்னா மணிக்கட்டுல ரக்ஷைக் கயிறு வாங்கற முறை தெரிஞ்சிருக்கணும்கறார். உங்களுக்குத் தெரியாததா? க்ளவுஸைக் கழட்டி, ரெண்டு கையையும் சேர்த்து மல்லாத்தி நீட்டி, மந்திரம் முடியறவரை கண்ணைத் திறக்காம..."

ஹைனஸ் ஒரு கணம் அவளையே பார்த்தார்.



"நிச்சயமாக," என்றார் ஹைனஸ். "என் தாத்தா தினமும் வாங்குவார்!"

கேன்டீன். மூலை மேஜையில் பெரியண்ணன் சாம்பார் சாதத்தை உருட்டிக்கொண்டிருந்தார். தட்டிலிருந்து தலையைத் தூக்குவதற்குள் அம்சவேணி இந்தியில் படபடத்தாள்.

"அதிகாரி சாஹிப்! இவர்தான் சம்பாகட் ஹைனஸ். ரக்ஷைக்கு வந்திருக்கார்!"

பெரியண்ணன் ஒரு விநாடி விழித்தார். அவள் முகத்தைப் பார்த்தார். கை கழுவி வந்தார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். கூட்டம்! ஹைனஸுக்கு மார்பு விரிந்தது. க்ளவுஸைக் கழற்றினார். கைகளைச் சேர்த்து நீட்டினார். கம்பீரமாகக் கண்ணை மூடினார்.

அம்சவேணி கை கூப்பினாள். பஜனை ராகத்தில், செந்தமிழில் மந்திரம் ஆரம்பித்தது.

"கேளும் கேளும் பெரியண்ணன் ஸாரே... எழுத்தாளரைக் கொன்ற பாவி இவனே... மன்னனும் இல்லை, அமைச்சனும் இல்லை... என்னையும் கொல்லப் போறான் ஸாரே... உள்ளங்கையைப் பாரும்... பாரும்... ஸ்வாஹா!"

பெரியண்ணன் பார்த்தார்.

இரண்டு உள்ளங்கையிலும் குறுக்கே ரத்தக் கோடு. கயிறு அறுத்த கோடு! காயத்தில் ஒட்டிக்கொண்டு மினுக்கியது... ஒரு ஜரிகை இழை!

"நல்ல மந்திரம் தாயி," என்றார் பெரியண்ணன். "ரக்ஷை கட்டிரலாமா?"

க்ளிக்!

ஹைனஸ் கண்ணைத் திறந்தார். மணிக்கட்டில் இருந்தது கயிறு இல்லை!

அலறினார். உதைத்தார். கேன்டீன்காரர்கள் மேலே விழுந்து அமுக்கினார்கள். அமளியில் தலைப்பாகை உருண்டது. மேஜைக்கடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துக் கத்தினார்.

"அட, இவனா? பெரிய ஹோட்டல் வாசல்ல கார்க் கதவு திறந்துவிடற தர்பான் ஆச்சே! வேலையை விட்டு நிறுத்திட்டாங்கன்னு சொன்னாங்க... டிரெஸ்ஸையும் காரையும் திருப்பிக் குடுக்கலை போல!"

கதவு... நெஞ்சில் கை... தலை வணக்கம்...

இதெல்லாம் ரத்தத்தில் வர வேண்டும்!

ஜீப்பில் ஏற்றும்போதுகூட அவன் பழக்க தோஷத்தில் விலங்கிட்ட கையாலேயே கதவைத் திறந்து, பெரியண்ணனை முதலில் ஏறச் சொன்னான்.

படம் தீபாவளிக்கு முன்னால் ஒளிபரப்பானது.

மறுநாள் காலை அம்சவேணி வீட்டில் போன் அடித்தது. எடுத்தாள்.

"கரோல்பாகிலிருந்து பேசுகிறேன் பெஹன்ஜி. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். சம்பாகட் கடைசி மஹாராஜாவின் நிஜப் பேரன் நான்தான்."

"ம... மன்னிக்கணும். பட்டத்துல ஏதாவது தப்பா..."

"பட்டமா? அது எனக்கே தெரியாது. ஆனால் பெஹன்ஜி... அந்த இடது செருப்பை மடியில் வைக்கும் காட்சி! அப்படியே நிஜம்! தாத்தா அப்படித்தான் செய்வார். வீட்டில் எல்லோரும் அழுதுவிட்டோம். இன்றிலிருந்து நாங்களும் செய்கிறோம். சரி... உங்களுக்கு பாலிசி இருக்கிறதா?"

போனை வைத்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பெரியண்ணனைக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னாள்.

"சார்... அப்ப நிஜ ராஜா எது, பொய் ராஜா எதுன்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

எதிர்முனையில் சாம்பாரை உறிஞ்சும் சத்தம்.

"கஷ்டம்தான் தாயி. எதுக்கும் அவரையும் கண்ணை மூடிட்டு கையை நீட்டச் சொல்லுங்க... நான் ரக்ஷையோட வாரேன்!"