பனிக்கோயிலும் ஒற்றைப் பூட்ஸும்

கார்போரி மலைக்குக் கிளம்பும் முன் லாமோ அக்கா எல்லோருடைய பூட்ஸ் கயிற்றையும் இழுத்துப் பார்த்தாள். கோமதியின் முடிச்சைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள். அவிழ்த்துத் தானே இறுக்கிக் கட்டினாள். வாய் திறந்து நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது கோமதிக்கு.

செர்தாங், நேபாளத்து மலைக்கிராமம். நாற்பது வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு புத்தர் கோயில், ஒரு மலை வழிகாட்டிகள் சங்கம், அவ்வளவுதான் ஊர். சங்கத்துக்குத் தலைவி லாமோ. திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து மூன்று மாணவர்களும் ஜெயசிங் சாரும் பண்பாட்டுப் பரிமாற்றத்துக்காக இங்கே வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பரிமாற்றம் ஜோராகவே நடந்தது. கோமதி புளியோதரை கிண்டினாள். பெனாசிர் ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் மருதாணி வைத்துவிட்டாள். சுடலைமுத்து சிலம்பம் சுற்றுகிறேன் பேர்வழி என்று பள்ளிக்கூடத்து விளக்கை உடைத்தான். பதிலுக்கு அவர்கள் வட்ட நடனமும் உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீரும் பழக்கினார்கள். கோப்பை காலியானால் மறுபடி ஊற்றுவது அந்த ஊர் மரியாதை. மிச்சம் வைக்கக் கூடாது என்பது சுடலை வீட்டு மரியாதை. இரண்டு மரியாதைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அவன் முதல் நாளே பதினொரு கோப்பை குடித்தான்.

கடைசியாக மலையேற்றம். கார்போரி உச்சியில் கற்குவியலுக்கு அடியில் ஒரு தகர டப்பா இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் வருகிற மாணவர்கள் தங்கள் ஊர்ப் பொருள் எதையாவது டப்பாவில் போட்டு வைத்துவிட்டு, போன வருடத்து டப்பாவை எடுத்து வருவார்கள். இவர்கள் கொண்டுபோன டப்பாவில் கருப்பட்டியும் ஒரு கடிதமும் இருந்தன.

அணியை அழைத்துப் போகிறவள் டோல்மா. இருபது வயது. கோமதி தங்கியிருந்தது அவள் வீட்டில்தான். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம். ஒரு வாரத்தில் அது போதும் போதும் என்கிற அளவுக்குப் பேசி, கூடப் பிறந்தவர்கள் மாதிரி ஒட்டிக்கொண்டுவிட்டார்கள். அதனால் டோல்மாவுக்கு இந்த ஏற்றம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது கோமதிக்குத் தெரியும். சங்கத்தில் பதினாறு தலைமை வழிகாட்டிகள், பதினாறு பேரும் ஆண்கள். முன்பு லாமோ இருந்தாள். எட்டு வருடத்துக்கு முன் முழங்கால் உடைந்ததோடு சரி. அதற்குப் பிறகு தலைமைப் பரீட்சைக்கு வருகிற முதல் பெண் டோல்மா. கூட்டிப் போகிற அத்தனை பேரையும் உச்சிக்கு ஏற்றி, டப்பாவோடு பத்திரமாக இறக்க வேண்டும். பதினொரு மணிக்கு மேல் காற்று எழும், அதற்குள் உச்சியைத் தொட முடியாவிட்டால் திரும்பிவிட வேண்டும். தோற்றால் என்ன ஆகும் என்று கோமதி கேட்டபோது, அடுத்த பரீட்சை அடுத்த வருடம்தான், அதற்குள் அப்பா தன்னைக் காத்மாண்டுவில் ஓட்டல் வேலைக்கு அனுப்பிவிடுவார் என்று டோல்மா சாதாரணமாகச் சொன்னாள்.

விடிந்ததும் கிளம்பினார்கள். ஜெயசிங் சாருக்கு உயரம் ஒத்துக்கொள்ளாமல் தலைவலி. அவர் ஊரிலேயே இருந்துவிட்டார். முன்னால் டோல்மா, கடைசியில் அவளுடைய வகுப்புத் தோழன் நிமா, நடுவில் இவர்கள் மூவர். பத்து அடி நடந்தால் இருபது அடி நடந்த களைப்பு. சுடலைகூடப் பேச்சை நிறுத்திவிட்டான், அதிலிருந்தே அந்த உயரத்துக் காற்றின் லட்சணத்தைத் தெரிந்துகொள்ளலாம். பத்து மணிக்கு உச்சி கண்ணெதிரே நின்றது. கடைசிச் சரிவுக்குக் கீழே ஒரு சின்னச் சமதளம். அங்கே வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய கல்கோபுரமும், அதைச் சுற்றி வண்ணக்கொடிகளும். மலைச்சாமி இருக்கிற இடம் என்று டோல்மா சொல்லியிருந்தாள். அங்கே அவர்களை இளைப்பாறச் சொல்லிவிட்டு, அவளும் நிமாவும் கயிறு கட்டுவதற்காகச் சரிவுப் பக்கம் போனார்கள்.

அந்த ஐந்து நிமிடத்தில்தான் எல்லாம் கெட்டது.

சாமி இருக்கிற இடம். காலில் பூட்ஸ். கோமதியின் கை தானாகக் கயிற்றுக்குப் போயிற்று. சங்கரன்கோவிலில் வளர்ந்த பிள்ளை, சித்திரை வெயிலில் கொதிக்கிற கல்லில்கூட வெறுங்காலோடு பிரகாரம் சுற்றியவள். ஊருக்குள் இருந்த புத்தர் கோயிலிலும் எல்லோரும் வாசலில் கழற்றிவிட்டுத்தானே நுழைந்தார்கள்? இங்கே மட்டும் வேறு வழக்கமாகவா இருக்கும்? அவளைப் பார்த்துச் சுடலை குனிந்தான். பெனாசிரும் கயிற்றில் கை வைத்தாள். கோமதி பூட்ஸ் இரண்டையும் ஜோடியாக ஒரு பாறை விளிம்பில் வைத்துவிட்டு, பனியில் காலுறையோடு நடந்துபோய்க் கும்பிட்டாள். டோல்மாவுக்காகத்தான் வேண்டிக்கொண்டாள். திரும்பி வந்து குனிந்தபோது முதுகுப்பை ஒரு பூட்ஸில் இடித்தது. அது சரிவில் சறுக்கி, இரண்டு முறை குதித்து, பள்ளத்துக்குள் மறைந்தது.

சத்தம் கேட்டு ஓடி வந்த டோல்மா திட்டவில்லை. கோமதியை உட்கார வைத்து ஈரக் காலுறையை உருவினாள். வலது கால் விரல்கள் வெளுத்து மெழுகு மாதிரி இருந்தன. டோல்மா தன் கோட்டையும் சட்டையையும் தூக்கி, அந்தப் பாதத்தைத் தன் வெறும் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவள் பல்லைக் கடித்ததைக் கோமதி பார்த்தாள்.

"என்னால உன் வேலை போச்சு டோல்மா."

"பேசாதே. விரலை ஆட்டு."

"நீ இவங்கள கூட்டிட்டு மேல போ. நான் இங்கயே இருக்கேன்."

"விரலை ஆட்டுன்னு சொன்னேன்."

ஒரு விரல் அசைந்தது. பிறகு இன்னொன்று. இருபது நிமிடம் டோல்மா அப்படியே இருந்தாள். உச்சி அங்கிருந்து ஒன்றரைக் கயிற்று நீளத் தூரம்தான். தான் காவல் இருப்பதாகவும், அவள் மற்ற இருவரோடு போய் டப்பாவையாவது எடுத்து வரலாம் என்றும் நிமா சொல்லிப் பார்த்தான். டோல்மா உச்சியை ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தன் சால்வையைக் கிழித்துக் கோமதியின் காலில் சுற்றி, பெனாசிர் நீட்டிய கையுறையை அதன் மேல் மாட்டி, இறங்கலாம் என்றாள். சுடலையும் நிமாவும் மாற்றி மாற்றித் தோள் கொடுத்தார்கள். வழி நெடுக கோமதி அழுதுகொண்டே வந்தாள்.

"ஏட்டி, அழாத. கண்ணீரும் உறைஞ்சுருச்சுன்னா அத யாரு வயித்துல வச்சுத் தேய்க்கிறது?" என்றாள் பெனாசிர். சொல்லிவிட்டு அவளும் அழுதாள்.

சங்கத்து முற்றத்தில் வழிகாட்டிகள் கூடியிருந்தார்கள். சுகாதார நிலையத்து நர்ஸ் காலைப் பார்த்து, தோலோடு போயிற்று, உள்ளே ஒன்றும் ஆகவில்லை, ஒரு நாள் ஓய்வு போதும் என்றார். ஆனால் டப்பா வரவில்லையே. மூத்த வழிகாட்டி ஒருவர், தவறு டோல்மாவுடையது இல்லை, போகட்டும், தேர்ச்சி கொடுத்துவிடலாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

லாமோ தலையாட்டவில்லை. "இன்னைக்குச் சலுகை கொடுப்பீங்க. நாளைக்குப் பொம்பளைன்னு விட்டுக் கொடுத்தோம்னு நீங்களே பேசுவீங்க. டப்பா வரணும்."

டோல்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் குனிந்த தலையைக் கோமதியால் பார்க்க முடியவில்லை. கட்டுப் போட்ட காலோடு எழுந்தாள். தப்பு முழுவதும் தன்னுடையது என்றாள். அதே ஆட்கள் மறுபடியும் ஏறினால் பரீட்சை செல்லுமா என்று கேட்டாள். லாமோ அவளை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு தடவைதான் ஏற வேண்டும் என்று விதியில் இல்லை, ஆனால் ஒரு ஆள் குறைந்தாலும் செல்லாது என்றாள்.

அன்று திங்கட்கிழமை, இவர்களுக்கு ஜீப் வியாழக்கிழமை. செவ்வாய் ஓய்வுக்குப் போனால் நடுவில் மிச்சம் புதன் ஒன்றுதான். ஜெயசிங் சார் பயந்துபோய், வேண்டாம் கோமதி, உன் அப்பாவுக்கு நான் பதில் சொல்ல வேண்டும் என்றார். பயம் கோமதிக்கும் இருந்தது. கண்ணை மூடினால் அந்தப் பூட்ஸ் குதித்துக் குதித்து விழுந்தது. ஆனாலும், "நான் போகாட்டா அவளுக்கு ஒரு வருசம் போயிரும் சார். அது ஒரு வருசத்தோட நிக்காது" என்றாள். சார் நர்ஸிடம் மறுபடி போய் மூன்று தடவை கேட்டுவிட்டுச் சம்மதித்தார்.

அப்புறம் பூட்ஸ் வேட்டை. செவ்வாய்க்கிழமை முழுவதும் செர்தாங் கோமதியின் காலுக்காகத்தான் அலைந்தது. நாற்பது வீட்டுப் பூட்ஸும் வந்தன. நிமாவுடையதில் இரண்டு கோமதி நிற்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுடையதில் குதிகால் வெளியே நின்றது. சாயங்காலம் லாமோ ஒரு துணிப்பையோடு நொண்டி நொண்டி வந்தாள். உள்ளே ஒரு ஜோடி பழைய பூட்ஸ், எட்டு வருடமாகக் கால் படாதவை. ஆனால் தோல் பளபளவென்றிருந்தது. மாதம் தவறாமல் எண்ணெய் போட்டிருக்கிறாள் என்பது பார்த்தாலே தெரிந்தது. தானே மண்டியிட முயன்று, முழங்கால் மடங்காமல், திண்டாடி உட்கார்ந்து கோமதிக்கு மாட்டிவிட்டாள். இரண்டு காலுறை போட்டதும் கச்சிதமாக இருந்தது. கயிற்றையும் முன்போலத் தானே இறுக்கிக் கட்டினாள். கோமதிக்கு இந்த முறை திட்டு தேவைப்படவில்லை.

புதன்கிழமை பத்து மணிக்கெல்லாம் கல்கோபுரத்தை அடைந்துவிட்டார்கள். கோமதியின் கை பழக்கதோஷத்தில் கயிற்றுப் பக்கம் போய் நின்றது. டோல்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊர்க் கோயில்ல கழட்டுவோம். இங்க கழட்ட மாட்டோம். எங்க சாமிக்குப் பனி எப்படிக் குளிரும்னு தெரியும்" என்றாள். பிடித்த கையை விடாமல், "இதை நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். கயிறு சொன்னேன், காற்று சொன்னேன், தண்ணி குடிக்கச் சொன்னேன். பூட்ஸைக் கழட்டுவீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல" என்றாள்.

"எனக்குக் கேக்கணும்னு தோணல" என்றாள் கோமதி.

ஐந்து பேரும் பூட்ஸோடு நின்று கும்பிட்டார்கள். கோமதிக்குக் கூசத்தான் செய்தது. சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கடைசிச் சரிவில் கோமதி ஒவ்வொரு காலாக ஊன்றி ஏறினாள். கயிற்றை டோல்மா பிடித்திருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் மேலிருந்து, "மெதுவா, மெதுவா" என்று இவர்களிடம் கற்ற தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தாள். பத்து ஐம்பதுக்கு உச்சி! நாலு பக்கமும் வெள்ளை மலைகள் வரிசை கட்டி நின்றன. சுடலை வாய் பிளந்து, பிளந்த வாயில் குளிர் ஏறி இருமினான். கற்களைப் புரட்டி ஜப்பான் மாணவர்கள் வைத்துப்போன டப்பாவை நிமா வெளியே எடுத்தான். புது டப்பாவை டோல்மாவும் கோமதியும் சேர்ந்து வைத்து மூடினார்கள். டோல்மா கோமதியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஒரு வாரத்தில் அவள் அழுதது அந்த ஒரு தடவைதான்.

மதியம் இரண்டு மணிக்கு ஊருக்குள் நுழைந்தபோது முற்றம் நிரம்பி வழிந்தது. லாமோ டப்பாவைத் தொடவில்லை. முதலில் ஆட்களை எண்ணினாள். ஐந்து. பிறகு கோமதியை உட்கார வைத்து, காலுறையை உருவி, பத்து விரலையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். அதன் பிறகுதான் டப்பாவை வாங்கி, எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டினாள். பெருந்தன்மைக்காரர் உட்படப் பதினாறு பேரும் கைதட்டினார்கள்.

மறுநாள் மலையேறுவதற்காகக் கொரியாவிலிருந்து வந்த எட்டுப் பேர் ஓரமாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். லாமோ டோல்மாவின் முதுகில் கை வைத்து அவர்கள் முன் தள்ளினாள்.

"நாளைக்கு உங்க தலைமை வழிகாட்டி இவள்தான்" என்றாள்.

டோல்மா அவர்கள் முன்னால் நின்றாள். எட்டுப் பேருடைய கால்களையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"மேல ஒரு கோயில் இருக்கு. அங்க யாரும் பூட்ஸைக் கழட்டாதீங்க."

கொரியாக்காரர்கள் ஒன்றும் புரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுடலை விழுந்து விழுந்து சிரித்தான். கோமதி மட்டும் பெனாசிரின் தோளைப் பிடித்துக்கொண்டு, சந்தோஷம் தாங்காமல் அழுதாள்.