விடுவிக்காத வேலை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆப்பரேட்டரும், மீசை என்று எல்லோரும் கூப்பிடும் அவருடைய கூட்டாளியும் ஆஸ்பத்திரியின் அடித்தளத்துக்கு இறங்கினார்கள். இருபத்தாறு வருஷம் ஓடிய பெரிய கம்ப்யூட்டரை அன்றோடு அணைக்க வேண்டும். ஜன்னலே இல்லாத அறை. உள்ளே போய்விட்டால் பகலா இரவா என்றே தெரியாது.

"என்னா குளிரு மச்சான்! பொணத்தை வெச்சாக்கூட கெடாது" என்றான் மீசை.

ஆப்பரேட்டருக்குச் சிரிப்பு வரவில்லை. உட்கார்ந்து, அணைக்கும் கட்டளையைத் தட்டினார். கம்ப்யூட்டர் மறுத்தது. வரிசையில் ஒரு வேலை பாக்கி இருக்கிறதாம்.

கடிதம் அச்சிடும் வேலை. நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. தேதியைப் பார்த்தார். பதினோரு வருஷத்துக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை.

அந்தத் தேதி அவருக்குத் தெரியும்.

அந்தக் கம்ப்யூட்டரில் வேலைகள் வரிசையில் நின்று தானாக ஓடும். பக்கத்தில் ஆளே வேண்டாம். ஆனால் ஒன்றை நிறுத்தி வைத்தால், யாராவது விடுவிக்கும் வரை அது அப்படியே கிடக்கும். அந்த வெள்ளிக்கிழமை சீக்கிரம் வீட்டுக்குப் போகிற அவசரம். மாதக் கடைசிப் பட்டியல் முதலில் ஓடட்டும் என்று கடித வேலையை நிறுத்தி வைத்தார். அப்படியே மறந்து போனார். ரத்தப் பரிசோதனை மோசமாக வந்தவர்களுக்கு 'உடனே வரவும்' என்று போகிற கடிதங்கள் அவை. திங்கட்கிழமைதான் விடுவித்தார். நிறுத்தி வைத்த பதிவையும் யாருக்கும் தெரியாமல் அழித்தார். அந்த வேலை இப்போது வரிசையில் இருக்கவே முடியாது.

ஏழு கடிதங்கள். ஆறு பேர் வந்தார்கள்.

ஏழாவது, மீசையின் மனைவி. கடிதம் போய்ச் சேர்ந்த அன்று விடியற்காலையில்தான் அவள் செத்துப் போயிருந்தாள்.

ஆப்பரேட்டர் அந்த வேலையை ரத்து செய்தார். போய்விட்டது.

திரும்ப வந்தது.

மறுபடி ரத்து செய்தார். மறுபடி வந்தது.

"மச்சான்..." மீசையின் குரல் இறங்கிவிட்டது. "தைல வாசனை வருதுல்ல? அவ தலைவலிக்குத் தேய்ப்பாளே, அதேதான்."

அலமாரி மாதிரி நிற்கும் இயந்திரங்களுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

போன மாதமே ஒயரைப் பிடுங்கிப் போட்ட பிரிண்டரில், காகிதம் ஒரு வரி நகர்ந்தது.

"அண்ணே... சொல்லிடுங்கண்ணே."

காதுக்குள் கேட்டது. அவள் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள்.

மீசைக்கு அது கேட்கவில்லை. அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "லெட்டர் பெட்டிய நான் தெனம் தெறந்து பாத்திருக்கணும் மச்சான். வெள்ளிக்கிழமை தேதி போட்ட லெட்டர், எத்தன நாள் அதுல கெடந்துச்சோ! நான்தான் அவளைக் கொன்னுட்டேன்."

ஆப்பரேட்டர் வாயைத் திறந்தார்.

"விடுடா... நடந்தது நடந்துபோச்சு."

அவ்வளவுதான் வந்தது.

தைல வாசனை சட்டென்று நின்றுவிட்டது. வரிசை காலி. கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் அணைந்தது. மெயின் சுவிட்சையும் இறக்கினார்கள். மீசை கண்ணைத் துடைத்துக்கொண்டு படியேறினான்.

கதவைச் சாத்தத் திரும்பினார் ஆப்பரேட்டர்.

மின்சாரமே இல்லாத திரையில், பச்சை எழுத்தில் ஒரே ஒரு வரி.

கடித வேலை. நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. நிறுத்தியவர் என்ற இடத்தில் அவருடைய ஊழியர் எண்.

தேதி மட்டும் மாறியிருந்தது.

இன்றைய தேதி.