இடைவெளி தெரியாத அலமாரி

"ஒரு பொம்மை காணாமப் போனதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று கேட்டுவிட்டுத் தந்தி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வந்தவருக்கு முகம் கறுத்துவிட்டது. "அது உங்களுக்குப் பொம்மை. முப்பது வருஷத்துக்கு முந்தின அல்லோசாரஸ் அது. விற்பனைக்கு வந்ததெல்லாம் பழுப்பு. அதுக்கு முன்னாடி சோதனைக்குன்னு பச்சையில நாலே நாலு செஞ்சாங்க. அதுல ஒண்ணு."

தந்தி அலுவலகத்தில் ஆயுளில் பாதியைக் கழித்ததால் அவருக்கு அந்தப் பெயர். எதிலும் முந்திரிக்கொட்டை. அவர் உதவியாளராக ஒட்டிக்கொண்டிருந்த துப்பறிவாளரோ நேர் எதிர். கடைகடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து ஓய்வுபெற்றவர், எல்லோருக்கும் எடைக்காரர். பேச்சையும் நிறுத்துத்தான் போடுவார்.

வந்தவர் டைனோசார் பொம்மைகளைச் சேகரித்து, ஒவ்வொன்றுக்கும் விமர்சனம் எழுதுகிறவர். இணையத்தில் அவர் பாராட்டினால் அந்தப் பொம்மைக்கு மவுசு, திட்டினால் அது கடையிலேயே கிடக்கும். முந்நூற்று நாற்பது விமர்சனங்கள் அவர் பெயரில் புத்தகமாக வரவிருந்தன. அட்டைக்குப் பச்சை அல்லோசாரஸைப் படம் பிடிக்க மறுநாள் காலை ஆள் வருகிறார்.

"எடுத்தது என் மச்சான்தான். பொண்டாட்டியோட தம்பி. வேலை போய் ரெண்டு வருஷமா என் வீட்லதான் இருக்கான். சாயந்தரத்துக்குள்ள பொருள் வரலைன்னா வெளிய போடான்னுட்டேன். பொண்டாட்டிதான், ஒரு துப்பறிவாளரைக் கூப்பிட்டு விசாரிச்சுட்டு அப்புறம் துரத்துங்கன்னு ஒரே பிடிவாதம்."

அப்போதுதான் தந்திக்குப் பின்னறை அடுப்பில் வைத்த பால் நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் அணைத்தார். பாத்திரம் அடிப்பிடித்துக் கருகியிருந்தது. நாற்றம் அறை முழுக்கப் பரவியது. மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார்.

"அதை ஏங்க திறக்குறீங்க? காத்துல பேப்பரெல்லாம் பறக்குது" என்று சலித்துக்கொண்டார் விமர்சகர்.

"மூடிடுங்க, தந்தி" என்றார் எடைக்காரர். கருகிய வாடையிலேயே மீதிக் கதையையும் கேட்டு முடித்தார்.

மதியம் இருவரும் விமர்சகர் வீட்டுக்குப் போனார்கள். கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டு கண்ணாடி அலமாரி. எந்த யுகத்தில் எது வாழ்ந்ததோ அந்தத் தட்டில் அது. சாவி பக்கத்து மேஜை டிராயரில். வீட்டில் மூவருக்கும் தெரியும். ஜுராசிக் தட்டில் ஒன்று குறைகிறது என்று யாராவது சொன்னால்தான் உண்டு. அக்கம்பக்கத்துப் பொம்மைகளை இம்மி இம்மியாக நகர்த்தி இடைவெளியே தெரியாமல் நிரவியிருந்தது.

தந்தி சும்மா இருப்பாரா? மூக்கில் கொம்பு வைத்த செரட்டோசாரஸ் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். அதன் கால்விரல்களுக்கு அடியிலிருந்து நகத்தளவு கண்ணாடித்தாள் சீவல் ஒன்று தரையில் விழுந்தது. பொம்மை வரும் பெட்டியின் ஒளிபுகும் உறையிலிருந்து வெட்டிய துண்டு.

"ஏதோ குப்பை, விடுங்க" என்றார் விமர்சகர்.

எடைக்காரர் குனிந்து மற்றப் பொம்மைகளின் கால்களுக்கு அடியிலும் பார்த்தார். தந்தி பொம்மையைத் திரும்ப வைத்தார். அது குப்புற விழுந்தது. மச்சான் ஓடிவந்து நிறுத்தினான், விழுந்தது. வாலைத் திருப்பி வைத்தான், அப்போதும் விழுந்தது. கடைசியில் சுவரில் சாய்த்துவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான். நாற்பதைத் தொடும் வயதில் அக்கா வீட்டுச் சோற்றில் இருப்பவனுக்கு எதற்கெடுத்தாலும் வியர்க்கும். தந்தி அதைக் குற்றக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

தேநீரோடு வந்த விமர்சகரின் மனைவி, தட்டை வைத்துவிட்டு, குனிந்து அந்தச் சீவலை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்கு இதுல என்ன வேலை, தம்பி?" என்று கேட்டார் எடைக்காரர்.

"மாமாவோட விமர்சனத்தையெல்லாம் நோட்டைப் பார்த்து டைப் அடிச்சுக் குடுப்பேன் சார். அவ்வளவுதான். பொம்மைல கை வைக்க மாட்டேன்."

"போன மாசம் வந்தது ஒண்ணு குடுங்களேன், படிக்கலாம்."

அச்செடுத்த தாளை எடைக்காரர் நிதானமாகப் படித்தார். நீளம், எடை, வண்ணப்பூச்சு என்று வரிசையாகப் போய்க் கடைசியில் தனித் தலைப்பு. தந்தி எட்டிப் பார்த்து அதை வாய்விட்டே வாசித்தார்: "வாசனை. புது மழைக்கோட்டைப் பிரிக்கும்போது வருமே, அதில் பாதி. வயிற்றுப் பக்கம் மட்டும் அப்போதுதான் அணைத்த மெழுகுவர்த்தி. பழசாகப் பழசாக இது மெழுகாகவே ஆகிவிடும்."

"வாசகர்களுக்கு இந்தப் பகுதிதான் உயிர்" என்றார் விமர்சகர் பெருமையாக.

எடைக்காரர் தாளை மடித்தார். "எல்லாரும் உக்காருங்க" என்றார்.

தந்திக்குக் கை பரபரத்தது. "சார், மச்சானைக் கேட்டா..."

"அவர் எடுக்கலை. ரெண்டு தடவை முயற்சி பண்ணியும் ஒரு பொம்மையை நிறுத்த முடியலை அவருக்கு. ரெண்டு கால்ல நிக்கிற பொம்மை வெயில் காலத்துல கணுக்கால் இளகி முன்னாடி சாயும். இந்த அலமாரில அப்படிச் சாயுற ஒவ்வொண்ணுக்கும் யாரோ அளவா ஒரு சீவல் வெட்டி வெச்சிருக்காங்க. பச்சையை எடுத்தவங்க பக்கத்துல இருந்த பத்துப் பன்னெண்டை நகர்த்தி, அதது சீவலை அதது காலுக்கு அடியில திரும்ப வெச்சிருக்காங்க. ஒண்ணுகூட விழலை. இது நோட்டைப் பார்த்து டைப் அடிக்கிறவர் வேலை இல்ல."

"அப்ப சார்தானா?" என்று தந்தி விமர்சகரைப் பார்த்தார்.

"அவருக்கு அது குப்பை. நம்ம எதிர்லதானே சொன்னார்."

மூவரில் ஒருத்திதான் மிச்சம். அவள் தலை குனியவில்லை. உள்ளங்கையை விரித்தாள், சீவல் அங்கேயே இருந்தது.

"அதோட நிறுத்தியிருப்பேன், அம்மா. ஆனா ஏன் எடுத்தீங்கங்கறது இந்தத் தாள்ல இருக்கு." எடைக்காரர் விமர்சகர் பக்கம் திரும்பினார். "காலைல எங்க ரூம்ல பால் கருகி, தந்தி மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடினார். நீங்க ஜன்னலை ஏன் திறக்குறீங்கன்னு சலிச்சுக்கிட்டீங்க. வாசனையே தெரியாதவர் மெழுகுவர்த்தி பத்தி எப்படிங்க எழுதினீங்க?"

விமர்சகர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி ஒரு காய்ச்சல்" என்றாள் அவள். "அதோட இவருக்கு வாசனை போயிடுச்சு. வாசனைக்கு மட்டும் நீ ஒரு வரி சொல்லுன்னார். சொன்னேன். அப்புறம் பெயின்ட் பத்திச் சொல்லுன்னார். அப்புறம் நீயே எழுதிடுன்னார். முதல் நாப்பதுதான் இவர் எழுதினது. முந்நூறு நான் எழுதினேன், சமையலை முடிச்சுட்டு."

"வீட்டு விஷயத்தை வெளியாளுங்ககிட்ட..." என்று ஆரம்பித்தார் விமர்சகர்.

"வீட்டுக்குள்ள எத்தனை தடவை சொன்னேன்? என் பேரும் அட்டையில வரணும்னு கேட்டா சிரிச்சீங்க. நான் சொன்னா புருஷன் பொண்டாட்டி சண்டை. வெளியாள் ஒருத்தர் கண்டுபிடிச்சுச் சொன்னாத்தான் அது உண்மைன்னு ஆகும். அதுக்குத்தான் எடுத்தேன். இவன் மேல பழியைப் போடுவீங்கன்னு நினைக்கலை."

அவள் உள்ளே போய், வெயில் படாத பீரோவின் அடித்தட்டிலிருந்து துணியில் சுற்றிப் படுக்கவைத்திருந்த பச்சை அல்லோசாரஸைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். தந்திக்கு அவள்மேல் மரியாதை பொங்கியது. இனி அந்த மனுஷர் வாலைச் சுருட்டிக்கொள்வார் என்றே நம்பினார்.

விமர்சகர் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கீறல் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு, "சரி, நன்றியுரையில உன் பேரைப் போடச் சொல்றேன்" என்றார்.

"நன்றி எனக்கு வேண்டாம். எழுதினது யாருன்னு அட்டையில போடுங்க."

"நீ எழுதினேங்கறதுக்கு என்ன அத்தாட்சி?"

"நோட்டெல்லாம் என் கையெழுத்து. தம்பி பார்த்திருக்கான். ரெண்டு வருஷமா தினம் பார்த்திருக்கான்."

எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். அவனுக்கு மறுபடியும் வியர்த்தது. விமர்சகர் எழுந்து போய் அவன் தோளில் கை போட்டார். காலையில் இவனைத்தான் திருடன் என்று சுட்டிய கை.

"அவசரத்துல ஏதோ பேசிட்டேன் மச்சான், மனசுல வெச்சுக்காதே. இது உன் வீடு. இனி யாரும் உன்னைப் போன்னு சொல்ல மாட்டாங்க. நீயே சொல்லு, எழுதினது யாரு?"

அவன் அக்காவைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தான், மேஜையைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"மாமா சொல்லச் சொல்ல அக்கா எழுதுவாங்க சார்."

தந்தி திரும்பி எடைக்காரரைப் பார்த்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். திருடியது யார் என்று கண்டுபிடிக்கத்தான் கூப்பிட்டார்கள், கண்டுபிடித்தாயிற்று. அதற்குமேல் இந்த வீட்டில் அவர் சொல்லுக்கு என்ன எடை?

அவள் தம்பி பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று தந்தி எதிர்பார்த்தார், திட்டவில்லை. அழவும் இல்லை.

"உனக்காகவும்தான்டா இவங்களைக் கூப்பிடச் சொன்னேன்" என்றாள்.

கைப்பையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் இறங்கினாள்.

"அக்கா" என்று அவன் பாதி எழுந்தான்.

"உக்காரு மச்சான். கோவம் தணிஞ்சா தானா வருவா" என்றார் விமர்சகர்.

அவன் உட்கார்ந்தான்.