தன் பையைத் தானே சுமந்த துரை

டம டம டம டம!

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தப்பு முழங்கியது. ஊத்துமலைத் தேயிலைத் தோட்டமே திடுக்கிட்டுப் போனது.

தப்பு அடித்தால் பெரட்டு. பெரட்டு என்றால் வேலையாட்கள் எல்லாரும் களத்தில் வரிசையாக வந்து நிற்க வேண்டும். ஆனால் அது விடியற்காலையில், வேலை நாளில் நடக்கிற காரியம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மனிதர்கள் துணி துவைப்பார்கள், தலைக்கு எண்ணெய் வைப்பார்கள், லுணுகலைக் கடைவீதிக்குப் போவார்கள். பெரட்டுக்கு யார் போவார்கள்?

பத்து வயது இராசமணி அப்போது தண்ணீர் கொட்டும் பீலியடியில் தன் ஆட்டுக்குட்டியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். குட்டிக்குப் பெயர் சீனி. தாய் ஆடு செத்துப்போனதால், கரண்டியால் பால் புகட்டி இராசமணியே வளர்த்த குட்டி அது. அவள் போகும் இடமெல்லாம் கூடவே வரும். குளிப்பது மட்டும் அதற்கு ஆகாது. தப்புச் சத்தம் கேட்டதும் அது ஒரே துள்ளில், வேலையாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வாசலுக்கு ஓடிவிட்டது.

அதே வாசலுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து, வேலையாட்களை மேற்பார்க்கும் வைரப்பன் கங்காணி ஓடி வந்தார். கறுப்புக் கோட்டில் ஒரு கைதான் நுழைந்திருந்தது. மற்றக் கை காற்றில் ஆடியது.

"புது துரை வர்றாரு! எல்லாரும் களத்துக்கு ஓடுங்க! ஆத்துப் பாலத்துக்கிட்ட என் கண்ணால பார்த்தேன். தனியா, நடந்தே வர்றாரு!"

"நடந்தா?" என்று வாசலுக்கு வந்தாள் இராசமணியின் அம்மா ரெங்கம்மா. "துரைமாரு காருல இல்ல வருவாங்க?"

"அதுதான் சூழ்ச்சி! சொல்லாம கொள்ளாம வந்து நம்மளைச் சோதிக்கிறாரு."

தோட்டத்தை நிர்வகித்த பழைய துரை போன மாதம்தான் கப்பலேறிச் சீமைக்குப் போயிருந்தார். புது துரை ரொம்பக் கறாரானவர் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. லயத்தில் ஆடு மாடு எதையும் வைக்க விடமாட்டாராம்.

கங்காணியின் பார்வை ஈரம் சொட்ட நின்ற சீனியின் மேல் விழுந்தது.

"இது இன்னும் இங்கதான் இருக்கா? துரை கண்ணுல பட்டா என் வேலை போயிடும். சாயங்காலம் சந்தை லொறி வரும். ஏத்தி அனுப்பிடு ரெங்கம்மா!"

"தாத்தா, வேணாம் தாத்தா!" என்றாள் இராசமணி. லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் தாத்தாதான்.

"தாத்தாவும் கிடையாது, பாட்டனும் கிடையாது. சாயங்காலம் நானே வந்து புடிச்சுக்கிட்டுப் போவேன்."

கங்காணி அடுத்த லயத்துக்கு ஓடினார். சந்தைக்குப் போன ஆடு திரும்பி வந்ததாக இராசமணி கேள்விப்பட்டதே இல்லை.

அவள் அழுதுகொண்டு நிற்கவில்லை. சீனியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். கால் மணி நேரத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"எங்கடி கட்டுன?" என்று கேட்டாள் ரெங்கம்மா.

"யாரும் தேடாத எடத்துல" என்றாள் இராசமணி. அதற்கு மேல் அம்மாவிடமே சொல்லவில்லை.

களத்தில் அறுபது பேர் வரிசையில் நின்றார்கள். கங்காணி கோட்டின் இரண்டாவது கையையும் தேடிப் பிடித்து மாட்டிக்கொண்டு முன்னால் நின்றார்.

குறுக்குப் பாதையில் முதலில் ஒரு தடி தெரிந்தது. பிறகு வெயிலில் மிளகாய்ப் பழமாகச் சிவந்த ஒரு முகம், வைக்கோல் நிறத் தாடி. அதற்குப் பின்னால், தலைக்கு மேலே எட்டிப் பார்த்தபடி ஒரு பெரிய கித்தான் பை.

"சலாம் துரை!" என்று கங்காணி முழங்கினார்.

"சலாம் துரை!" என்று அறுபது பேரும் முழங்கினார்கள்.

வந்தவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. வணக்கம் தனக்குத்தான் என்று புரிந்ததும் முகமெல்லாம் சிரிப்பாகி, வரிசையின் முதல் ஆளிடம் போய்க் கை குலுக்கினார். அடுத்து இரண்டாவது ஆளிடம். அதற்கடுத்து மூன்றாவது ஆளிடம். அப்படியே அறுபது பேரிடமும்! ரெங்கம்மா கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டாள். தப்படிக்கிறவர் பதறிப்போய்க் கைக்குப் பதில் குச்சியை நீட்டினார். வந்தவர் குச்சியையும் குலுக்கினார்.

பிறகு அப்படியே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயையோ, துரை கல்லுல உக்கார்றாரே! தொழிற்சாலைக்கு ஓடுங்கடா, ஒரு நாற்காலி கொண்டாங்க! நல்ல கோப்பையும் கேளுங்க!" என்று கங்காணி ஆள் அனுப்பினார். தொழிற்சாலை முக்கால் மைல் தூரம்.

நாற்காலிக்காக எல்லாரும் காத்து நின்றார்கள். வந்தவர் தன் தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரே ஒரு சொட்டு விழுந்தது. உதட்டை நக்கிக்கொண்டார்.

மற்றப் பிள்ளைகளோடு ஓரமாக நின்ற இராசமணி அதைப் பார்த்தாள். சட்டென்று லயத்துக்குள் போனாள். அடுப்பில் கொதித்த தேத்தண்ணியைக் கோப்பையில் ஊற்றினாள். ஒரு துண்டு கருப்பட்டியும் காலையில் சுட்ட ரொட்டியும் எடுத்துக்கொண்டு களத்துக்கு நடுவே நடந்தாள்.

"ஏய் புள்ள! நில்லு!" கங்காணி பாய்ந்து வந்தார். "துரைக்கு லயத்துக் கோப்பையிலயா தேத்தண்ணி? உனக்குப் புத்தி இருக்கா?"

"தாத்தா, இவரு துரை இல்ல."

"வெள்ளைக்காரரு துரை இல்லாம வேற யாரு?"

"துரைமாரு தங்களோட பையைத் தாங்களே தூக்குவாங்களா? அவரு தோளைப் பாருங்க தாத்தா."

வந்தவர் அப்போதுதான் பையைக் கழற்றிக் கீழே வைத்திருந்தார். இரண்டு தோளிலும் சட்டை கிழிந்து, வார் அழுத்திய இடம் கன்றிப்போய்க் கிடந்தது. ஒரு பக்கம் தோலே உரிந்திருந்தது.

வரிசையில் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொருத்தி நெற்றியிலும் கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்திய தடம் இருந்தது. சுமையின் தடத்தை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"ஆமா, இது தூக்குன தோளுதான்" என்றாள் ரெங்கம்மா. "ரொம்ப நாளாத் தூக்கியிருக்காரு, பாவம். கொஞ்சம் தேங்காயெண்ணெய் கொண்டாறேன்."

வரிசை கலைந்தது. வந்தவர் ஒரு கோப்பைத் தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார். இரண்டாவது கோப்பையையும் குடித்தார். நாலாவது கோப்பைக்குப் பிறகுதான் ரொட்டியைக் கடித்தார்.

இராசமணி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை எல்லாம் திரட்டினாள். "யூ… வேர் கோ?"

அவர் கையால் அலை அலையாகக் காட்டினார். "பொத்துவில்! பொத்துவில்!" என்றார். பிறகு பைக்குள் கைவிட்டு எதையோ எடுத்தார். அது ஒரு காலத்தில் வரைபடமாக இருந்திருக்க வேண்டும். அப்புத்தளை மழையில் ஊறி இப்போது கூழாகிவிட்டது. அதைக் காட்டி, தோளைத் தூக்கி, தான் வழி தவறிவிட்டதாக அவர் நடித்த நடிப்பில் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"பொத்துவில்னா கடலோரமாச்சே!" என்றார் ஒருவர்.

"பிபிலைக்குப் போயி எடது பக்கம் திரும்பணும்."

"வலது பக்கம்யா! எடது பக்கம் போனா காட்டுக்குள்ள போயிடுவாரு."

"நான் மொனராகலை மட்டும் போயிருக்கேன். அதுக்கு அங்கிட்டு எனக்குத் தெரியாது."

ஆளுக்கொரு துண்டு வழி தெரிந்திருந்தது. முழு வழி யாருக்கும் தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் தலையில் கருவாட்டுப் பெட்டியோடு இத்ரூஸ் நானா வந்து சேர்ந்தார். பொத்துவில் பக்கத்திலிருந்து மாதம் ஒரு ஞாயிறு வருகிற வியாபாரி அவர்; நானா என்றால் அண்ணன்.

"என்ன, கலியாண வீடா? ஊரே கூடி இரிக்கி!" என்றார்.

"நானா, இவருக்குக் கடலுக்கு வழி வேணும்" என்றாள் இராசமணி. "நீங்க சொல்லுங்க. நான் படமா வரைஞ்சு குடுக்கிறேன். நம்ம எழுத்து இவருக்குப் படிக்கத் தெரியாது. யானையைப் பாத்தா யானைன்னு தெரியுமில்ல?"

தேயிலைப் பெட்டிக்குள் போடும் பெரிய தாள் ஒன்று வந்தது. இராசமணி தரையில் குந்திப் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டாள். எல்லாரும் சுற்றி நின்று சொன்னார்கள். லுணுகலைக் கடைத்தெரு. இறக்கத்தில் ஒரு பாலம். பிபிலையில் திரும்பும் இடத்தில் ஓர் ஆலமரம். அது வலது பக்கம்தான் என்று இத்ரூஸ் நானா தீர்ப்புச் சொன்னார். மொனராகலை பஸ். நல்ல தண்ணீர்க் கிணறு. உப்புத் தண்ணீர்க் கிணறு; அதன் மேல் ஒரு பெருக்கல் குறி.

"லகுகலைக் குளத்தடியில பெரிய யானையாப் போடு மகள்" என்றார் நானா. "அந்தியில அந்தப் பக்கம் நடக்கக் கூடாது."

யானை பெரிதாக வந்தது. பக்கத்தில், தலைதெறிக்க ஓடுகிற ஒரு தாடிக்காரரும் வந்தார். படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தாடிக்காரர் 'ஹோ ஹோ' என்று சிரித்தார்.

கடைசியில் பென்சில் நின்றுவிட்டது.

"நானா, கடல் எப்படி இருக்கும்?"

இத்ரூஸ் நானா கொஞ்சம் யோசித்தார். எதிரே இருந்த மலையைக் காட்டினார். "இந்தத் தேயிலை வரிசை வரிசையா இரிக்கிதா? இந்த மலை முழுக்க எழும்பி ஆடினா எப்படி இரிக்கும்? அதுதான் கடல்."

இராசமணி தேயிலை வரிசைகளை வரைந்தாள். அவற்றை வளைத்து ஆட வைத்தாள். நடுவில் ஒரு மீனை விட்டாள்.

"ஆர் பெரட்டு அடிச்சது?"

எல்லாரும் திரும்பினார்கள். தலைமைக் கிளாக்கர் சிவஞானம் ஐயா நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்து அலுவலகமான கந்தோருக்கு அவர்தான் பொறுப்பு. பின்னால் ஒருவன் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றான்.

"புது துரை வாற வெள்ளிக்கிழமைதான் வாறார்! கடிதம் என்ரை மேசையில கிடக்குது. ஞாயிற்றுக்கிழமையில சனத்தைக் கூட்டச் சொல்லி உமக்கு ஆர் சொன்னது, கங்காணி?"

கங்காணியின் முகம் வெளிறிவிட்டது. பெரட்டைத் தவறாக அடித்தால் கங்காணி வேலைக்கே ஆபத்து. ஐயா அவரை மேலும் கீழும் பார்த்தார். கங்காணி தரையைப் பார்த்தார்.

சீனியை லொறியில் ஏற்றப்போகிற கங்காணி! இராசமணி நினைத்திருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"ஐயா" என்று எழுந்தாள். "தாத்தா தப்பு அடிக்கச் சொன்னதாலதான் எல்லாரும் ஒண்ணா வந்தோம். ஒவ்வொருத்தருக்கும் கொஞ்சம் கொஞ்சம் வழி தெரிஞ்சிருந்துச்சு. இல்லாட்டி இந்தப் படத்தைப் போட்டிருக்கவே முடியாதுங்க."

அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஐயா படத்தை வாங்கிப் பார்த்தார். யானைக்கு முன்னால் ஓடுகிற தாடிக்காரரைப் பார்த்ததும் அடக்கிய சிரிப்பில் அவர் மீசை துடித்தது. பிறகு வந்தவரோடு ஆங்கிலத்தில் பேசினார். பேசப் பேசக் கோபம் இறங்கியது.

"இவர் பின்லாந்து எண்ட தேசத்தவர். கரையோரமா நடந்து நடந்தே நாடு நாடாப் பார்க்கிறாராம். பொத்துவில்லயிருந்து திருகோணமலை மட்டும் கடற்கரையால நடக்கப் போறாராம். அவரின்ரை ஊரில மாரி காலத்தில கடல் உறைஞ்சுபோம், அதுக்கு மேலயும் நடக்கலாமாம்."

"அப்போ மீனெல்லாம் என்ன செய்யும்?" என்றாள் இராசமணி.

ஐயா அதை மொழிபெயர்த்தார். வந்தவர் தாடியைச் சொறிந்தார். யாரும் தன்னிடம் இதுவரை கேட்காத கேள்வி என்றார்.

"இன்னுமொண்டும் சொல்றார்" என்று ஐயா கங்காணியின் பக்கம் திரும்பினார். "எத்தினையோ ஊருக்குப் போனவராம். மேளமடிச்சு வரவேற்றது இந்த ஊர் மட்டும்தானாம். சரி, போம் கங்காணி. இந்த முறை விடுறன்."

இத்ரூஸ் நானாவும் தாடிக்காரரும் சேர்ந்தே இறங்கினார்கள். நானா தலையில் கருவாட்டுப் பெட்டி. தாடிக்காரர் முதுகில் பை. பையின் வார்களில் ரெங்கம்மா பழைய சேலைத் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தாள்.

அடுத்த மாதம் நானா வந்தபோது ஒரு மருந்துப் போத்தல் நிறையக் கடல் தண்ணீர் கொண்டுவந்தார். 'படம் வரைந்த பிள்ளைக்கு' என்று தாடிக்காரர் கொடுத்தனுப்பியதாம். லயமே அதைச் சொட்டுச் சொட்டாக நக்கிப் பார்த்து முகம் சுளித்தது. ஆனால் அது பிறகு நடந்த கதை. அன்று சாயங்காலம் நடந்தது இன்னும் பாக்கி இருக்கிறது.

சந்தை லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு தோட்டத்துக்குள் வந்தது. கங்காணியும் வந்தார். வாசலில் இராசமணி ரெங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கங்காணி லொறிக்காரனைப் பார்த்து, "ஒண்ணும் இல்லப்பா, நீ போ" என்று கையை அசைத்தார். லொறி போய்விட்டது.

அவர் தொண்டையைச் செருமினார். "புள்ள, துரை வெள்ளிக்கிழமை வரட்டும். ஆட்டைப் பத்திக் கேட்டா, அது என் ஆடுன்னு நான் சொல்லிக்கிறேன். என் வீடு லயத்துல இல்லையே, தனி வீடுதானே? நான் வெச்சுக்கலாம்."

"நெசமாவா தாத்தா?"

"நெசமாத்தான். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லு. மத்தியானத்துலேருந்து நானும் ஒவ்வொரு லயமா, ஒவ்வொரு தண்ணிக் கானா, ஒவ்வொரு பொதரா தேடிட்டேன். குட்டியைக் காணோம். எங்கதான் புள்ள கட்டுன?"

இராசமணி அம்மாவைப் பார்த்தாள். பிறகு கங்காணியைப் பார்த்தாள்.

"உங்க வீட்டுக்குப் பின்னாலதான் தாத்தா. காலையிலேருந்து உங்க பேரன்தான் உங்க தோட்டத்துக் கோவா இலையையெல்லாம் பிடுங்கிப் பிடுங்கிச் சீனிக்குப் போடுறான்."