இருபுறமும் பார்த்தல்

துறைமுகச் சாலையில் தானோடிகள் நூற்றிருபது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தன. சாலையோரம் நின்ற ஒரு தாய், ஆறு வயது மகளின் ரிப்பனைச் சரிசெய்து, "நேரமாச்சு, போ தாயி" என்று அனுப்பினாள். கண்வில்லையில் ஓடிய பொம்மைப் படத்தைப் பார்த்தபடியே குழந்தை சாலையில் இறங்கி நடந்தது. ஓட்டுநர் இல்லாத அந்த வண்டிகள் அவளுக்கு முன்னும் பின்னுமாக விலகி வழிவிட்டன. தாய் திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டாள். புதுக்கொற்கை நகரத்தில் அறுபது ஆண்டுகளாகச் சாலையைக் கடப்பது அப்படித்தான்.

சாலை நெறி வாரியத்தின் விழிப்புணர்வு அலுவலர் அமலி மட்டும் குழந்தை மறுபக்கம் சேரும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். வெள்ளிக்கிழமை முதல் விதி மாறுகிறது. புதிய துறைமுகத்திலிருந்து நானூறு டன் பெருஞ்சுமையோடிகள் இந்தச் சாலையில் வரும். சட்டென்று நின்றால் அவற்றின் சுமை சரிந்துவிடும். ஆகவே அவை யாருக்காகவும் நிற்கா. இனி மனிதர்கள்தான் இருபுறமும் பார்த்துக் கடக்க வேண்டும்.

இந்த அறிவிப்பு எல்லோருடைய கண்வில்லைக்கும் போயிற்று. ஒரு மணி நேரத்துக்குள் ஊரே இரண்டு முறை இமைத்துச் சம்மதம் சொல்லிவிட்டது. அமலிக்கு நம்பிக்கை வரவில்லை. கருவாட்டுக் கடை செல்லக்கனியிடம் போய்க் கேட்டாள்.

"செய்தி வந்துச்சா அக்கா?"

"வந்துச்சே. அப்பவே சரின்னுட்டேன்."

"என்ன போட்டிருந்துச்சு?"

"என்னமோ ரோட்டப் பத்தி. யாரு அதையெல்லாம் வாசிக்கா?"

முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம் என்று அமலி தலையைத் திருப்பிக் காட்டினாள். செல்லக்கனி ஒருமுறை செய்து பார்த்துவிட்டு, "கழுத்து வலிக்குதும்மா" என்று சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே அமலி சாலையோரம் போய் நின்றாள். முதல் ஒரு மணி நேரத்தில் முப்பத்தேழு பேர் கடந்தார்கள். ஒருவர்கூடத் தலையைத் திருப்பவில்லை. ஒவ்வொரு முறையும் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் பெருஞ்சுமையோடி சாலை அதிர நின்றது. ஒன்று குடைசாய்ந்து, இரும்புக் குழாய்கள் கடற்கரை வரை உருண்டன. ஆனால் யாரும் சாகவில்லை.

மூன்றாம் நாள் மாலை வாரியத்தில் இயக்குநர் ஆவுடையப்பன் மகிழ்ச்சியாக இருந்தார். "ஒரு உயிர்ச்சேதம் இல்ல அமலி. உங்க விழிப்புணர்வு வேலை நூறு சதவீதம் வெற்றின்னு மேலே எழுதியாச்சு."

அமலி தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். பொய்யான பாராட்டை வாங்க மனம் வரவில்லை.

"சார், மக்கள் யாருமே பாக்கல. எல்லாரும் வண்டிக்குக் குறுக்கதான் போனாங்க. வண்டிதான் விதிய மீறி நின்னுது."

ஆவுடையப்பனின் முகம் மாறிற்று. "விதிய மீறிச்சா?"

"மீறலன்னா அத்தன பேரும் செத்திருப்பாங்க."

"அதுக்காக? சட்டம்னா சட்டம். மக்கள் சம்மதிச்சிருக்காங்க, கையில ஆதாரம் இருக்கு. நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. வண்டியத் திருத்தச் சொல்லிருதேன்."

"வேண்டாம் சார். ஒரு மாசம் குடுங்க, வீடு வீடாப் போய்ச் சொல்லுதேன்."

அவர் அதற்குள் உத்தரவை அனுப்பிவிட்டிருந்தார்.

அமலி வெளியே வந்து விறுவிறுவென்று நடந்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் முப்பத்தேழு பேரும் நாளைக்கும் பிழைத்திருப்பார்கள். செல்லக்கனிக்கு எப்படிப் புரியவைப்பது? அந்தக் குழந்தையின் தாயை எங்கே தேடுவது? கண்வில்லையின் ஓரத்தில் ஏதோ செய்தி மின்னித் தொந்தரவு செய்தது. ஒதுக்கித் தள்ளுவதற்காக இரண்டு முறை இமைத்தாள். இன்றிரவே யார் யார் வீட்டுக்குப் போகவேண்டும் என்று பெயர்களை அடுக்கிக்கொண்டே நடந்தாள்.

காது கிழியும் சத்தத்தோடு ஒரு கரிய சுவர் அவள் தோளுக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது. சூடான இரும்பின் வாடை அடித்தது. அவள் சாலையின் நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

"மன்னிக்கவும் அம்மா," என்றது பெருஞ்சுமையோடியின் பணிவான குரல். "நாளைக் காலை ஆறு மணி முதல் நிற்க மாட்டேன். அந்தத் திருத்தத்துக்குச் சற்றுமுன் சம்மதம் தந்தமைக்கு நன்றி."

அமலி அப்போதுதான் தலையைத் திருப்பிப் பார்த்தாள்.