சித்தி அடைத்த ஓட்டைகள்

வாண்டுவின் சித்தப்பாவுக்குத் தாள் சுருள் என்றால் பைத்தியம். எங்காவது பழைய சுருள் இருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடுவார். எல்லாம் தானாக வாசிக்கும் பியானோவில் மாட்டுகிற சுருள்கள். அந்தப் பியானோவோ வாங்கிய நாளிலிருந்தே பழுதாகிக் கிடந்து நேற்றுதான் சரியானது. சரிசெய்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வாண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள். சித்தி அப்போது அலுவலகத்தில் இருந்தார்.

இன்று கண்ணாடி மாமா பாட்டுக் கேட்க வருகிறார். அவரும் சுருள் சேர்க்கிறவர்தான். சித்தப்பா அவரை அழைத்துவரப் போயிருந்தார். சித்தப்பா அலைந்து திரிந்து வாங்கிய சுருளை வாண்டு பியானோவில் மாட்டி, கீழே இருந்த பெடலை மிதித்துப் பார்த்தாள். பியானோ வாயே திறக்கவில்லை.

"சித்தி, இது ஏன் பாட மாட்டேங்குது?"

சித்தி முகமெல்லாம் பூரிப்பாக வந்தார். "சித்தப்பாகிட்ட இப்பவே சொல்லிடாதே. அந்தத் தாள் பூரா பூச்சி அரிச்சு ஓட்டையா இருந்துச்சு. காலையிலேர்ந்து உக்காந்து ஒட்டினேன். முதுகு ஒடிஞ்சு போச்சு. கடைசிப் பக்கம் இன்னும் நிறைய இருக்கு, பசைதான் தீர்ந்துபோச்சு."

வாண்டுவுக்குப் பகீர் என்றது. சிரிப்பும் வந்தது. சித்தியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டு, வேறொரு சுருளை மாட்டினாள்.

"சித்தி, இதை நீங்க மிதிங்க."

சித்தி மிதித்தார். சுருள் நகர்ந்தது. ஓர் ஓட்டை வந்ததும் ஒரு கட்டை தானாக அமுங்கி 'டிங்' என்றது. அடுத்த ஓட்டைக்கு இன்னொரு 'டிங்'.

சித்தியின் கால் நின்றுவிட்டது. "அப்போ ஓட்டைதான் பாட்டா?"

"ஆமா சித்தி."

"ஐயோ, அவர் முகத்துல எப்படி முழிப்பேன்?" சித்திக்குக் கண் கலங்கிவிட்டது.

வாண்டு சித்தி ஒட்டிய சுருளை எடுத்து ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தாள். "இங்க பாருங்க. ஒட்டின ஓரமெல்லாம் இருட்டா, நடுவுல ஓட்டை மட்டும் வெளிச்சமா தெரியுது."

சித்தி தையல் கத்தரியைக் கொண்டுவந்தார். வாண்டு காட்டக் காட்ட, சித்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வெட்டித் திறந்தார். கடைசி ஓட்டை திறக்கவும் வாசல் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

பியானோ பிரமாதமாகப் பாடியது. கண்ணாடி மாமாவோ பாட்டைக் கேட்காமல், சுருளில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஒட்டு வேலை யாரோடது?"

சித்தி தலையைக் குனிந்தார். "நான்தாங்க. பூச்சின்னு நெனச்சுப் பாட்டையே அடைச்சுட்டேன். இவதான் காப்பாத்துனா."

சித்தப்பா சுருளைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார்.

"என் வீட்டுச் சுருள்ல நிஜமாவே பூச்சிம்மா," என்றார் மாமா. "எந்தப் பாட்டைப் போட்டாலும் நடுநடுவுல கண்டபடி கத்துது. இவ்வளவு நேர்த்தியா ஒட்ட எனக்கு ஆளே கிடைக்கல. நீங்க ஒட்டித் தருவீங்களா?"

சித்தி வாண்டுவைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"ஒட்டறேன். ஆனா எது பூச்சி, எது பாட்டுன்னு இவ சொன்னப்புறம்தான் பசையைத் தொடுவேன்."